கோடைக் கைவினைச் சந்தைக்குச் செல்வது பற்றி உறுப்பினர்களுக்கு அறிவிப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நடைபெறும் கோடைக் கைவினைச் சந்தைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நாம் சேர்ந்து செல்கிறோம். அக்கினி நட்சத்திர வெயில் என்பதால் காலை 9 மணிக்கே புறப்பட வேண்டும்.

பத்தமடைப் பாய் வாங்க நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்துப் பருத்தி நூல் பாவில் (நீளவாட்டில் கட்டிய நூலில்) நெய்யும் அந்தப் பாயில், இழை எவ்வளவு நைசோ அவ்வளவு விலை. பட்டுப்பாய் எனப்படும் நேர்த்தியான ரகத்தைத் துணிபோல மடித்துவிடலாம். சென்ற ஆண்டு நான் சாயத்தின் பளபளப்பில் மயங்கி, விரித்துப் பார்க்காமல் வாங்கிய பாயில் ஒரு மூலை முழுவதும் கோரை ஒடிந்திருந்தது. ஆகவே முழுவதும் விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

காருகுறிச்சி மண்பானையைச் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. குழந்தைகளை அழைத்து வருபவர்கள் அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான்களைப் பார்க்கத் தவற வேண்டாம். பாய் நெய்தவரிடமே விலையை அடித்துப் பேரம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

துணிப்பையும் சில்லறையும் கொண்டு வரவும். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் குழுவில் பெயரைப் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.