புதுப்பேட்டையில் பார்த்த அந்த அண்ணனுக்கு

போன சனிக்கிழமை சென்னை புதுப்பேட்டையில், பழைய ஸ்பேனர் குவியலைக் கிளறிக்கொண்டிருந்த என்னிடம் "என்ன தம்பி, எதைக் கழட்டணும்?" என்று கேட்ட அண்ணனுக்கு நன்றி. பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

பைக்கின் பின்சக்கரத்தை வீட்டிலேயே கழற்றப் பார்த்து, ஸ்க்ரூ ஸ்பேனரால் ஆக்சில் (சக்கரத்தின் நடுத்தண்டு) நட்டின் முனைகளை மழுங்கடித்து வைத்திருந்தேன். சரி, 3,000 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கிவிடலாம் என்றுதான் போனேன். "செட்டெல்லாம் எதுக்கு?" என்று தடுத்தார். இரண்டு ரிங் ஸ்பேனரைப் பொறுக்கி, உள்பல் தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துக் கொடுத்தார். அப்புறம் கைப்பிடியில் மாட்டி நெம்ப ஒரு முழம் இரும்புக் குழாய். மொத்தமே 280 ரூபாய்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்தணும், சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு குழாயை அழுத்தினால் வண்டி சாய்ந்துவிடும் என்றார். ஆக்சிலை நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும், மரக்கட்டை வைத்துத் தட்டணுமாம். செயின் இறுக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று முதலிலேயே சாக்பீஸால் குறிக்கச் சொன்னாரே, அது இல்லையென்றால் சக்கரத்தைக் கோணலாகத்தான் மாட்டியிருப்பேன்.

ஞாயிறு மதியம் சக்கரம் கையோடு வந்தது. திரும்ப மாட்டும்போது பின் பிரேக்கை இழுக்கும் ராடை மாட்ட மறந்து, கேட் தாண்டும் முன் கவனித்தேன். அண்ணே, அதையும் நீங்கள் சொல்லித்தான் அனுப்பினீர்கள்.