இலையைப் புழு தின்னட்டும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

கல்லடியில் எங்கள் வாசிகசாலைக்குப் பின்னால் குப்பை மேடாகக் கிடந்த ஆறு பேர்ச் காணியைச் சிரமதானம் செய்து துப்புரவாக்கிவிட்டோம். அதில் வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஒரு தோட்டம் வைக்கத்தான் உங்களிடம் கையேந்துகிறோம்.

பூந்தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். தேன் குடிக்க எக்ஸோராப் பூவும் போதும். முட்டையிடத்தான் ஒவ்வொரு இனத்துக்கும் அதன் புழு தின்னும் குறித்த இலை வேண்டும். எருக்கலை வீதிப் புழுதியிலும் முளைப்பதால் அதில் வளரும் செம்மஞ்சள் பூச்சி பட்டினத்திலும் பறக்கிறது. தேசியிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடுவது மேல்மாடிச் சாடி வரை வரும். எங்கள் செயலாளர் வீட்டுச் சாடியில் பார்த்தோம்: முதலில் குருவி எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக் கிடந்த புழு, பிறகு இலைப்பச்சையானது. விரல் பட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவந்த கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விட்டது. மறுநாள் வீட்டம்மா மருந்து அடித்துவிட்டார். (அவரும் இப்போது குழுவில் இருக்கிறார்.)

"பூச்சிதானே, பட்டினத்துக்குப் பழகிக்கொள்ளும்" என்றார் கூட்டத்தில் ஒருவர். ஓரளவு உண்மைதான். எருக்கலைப் பூச்சிக்கு உறவான மொனார்க் என்ற வண்ணத்துப்பூச்சி, பனியைக் கரைக்க உப்புத் தூவும் அமெரிக்க வீதியோரத்தில் புழுவாக உப்பேறிய இலையைத் தின்று வளர்ந்தபோது ஆண்களுக்குப் பறக்கும் தசை பெருத்ததாக 2014 இல் ஓர் ஆய்வு வந்தது. இலையே இல்லாவிட்டால் எதைத் தின்று பழகுவது?

கறுப்புச் செட்டையில் சிவப்புப் புள்ளி போட்டதற்கு ஆடுதின்னாப்பாளை வகைக் கொடிதான் வேண்டும். வேலிகளில் படர்ந்த அந்தக் கொடிக்கு, மதிலும் இன்டர்லொக் கல்லும் வந்தபின் இடமில்லை. கொடியின் நஞ்சு உடம்பில் ஏறியிருப்பதால் குருவி அந்தப் பூச்சியைத் தொடாது. கறிவேப்பிலையில் வளரும், நஞ்சில்லாத இன்னொரு இனத்தில் பெண் பூச்சிகள் சில அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு தப்புகின்றன. நஞ்சுள்ளது ஊரைவிட்டுப் போனால் குருவி எத்தனை நாளைக்கு ஏமாறும்?

கட்டாக்காலி மாடுகளுக்காக முள்ளுக்கம்பி வேலி, தண்ணீர்த் தாங்கி, இந்த மணல் தரைக்கு இரண்டு லோட் செம்மண் என்று 140,000 ரூபா தேவை. கையில் 52,000 இருக்கிறது. மாரி பிறக்குமுன் வேலி அடித்தாக வேண்டும். ஐந்நூறு ரூபாவும் பெரிய உதவி. ஆடுதின்னாப்பாளைக் கொடி யார் வளவிலாவது இருந்தால் ஒரு துண்டு தாருங்கள், காசை விட அதுதான் கிடைக்காத பொருள்.

மாலை 5 மணிக்குப் பிறகு வாசிகசாலையில் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதாமாதம் பலகையில் ஒட்டப்படும். இலைகள் ஓட்டையாகத்தான் இருக்கும், அதற்கு முறைப்பாடு ஏற்கமாட்டோம்.

இங்ஙனம்,
தோட்டக் குழுவினர்,
கல்லடி, மட்டக்களப்பு.