வாக்குக் கொடுத்து, வேளையில் கொடுத்தவர்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். குறுகிய கால ஊழியப் பயணம் போகும் குழுவுக்கும், ஓராண்டு ஊழியப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் தேவையான தொகை முழுவதும் கூடிவந்துவிட்டது. இரசீதும் தனிக் கடிதமும் உங்கள் கைக்கு வந்திருக்கும். எவ்வளவு என்பதற்கு அங்கேயே நன்றி சொல்லிவிட்டோம். எப்போது கொடுத்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள் என்பதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். நாளை வேறொருவரை அனுப்பப்போகிற சபைக்கும் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, முந்திக் கொடுத்தவர்களுக்கு. ஊழியப் பயணத்தில் காணிக்கை கடைசி வாரங்களில்தான் குவியும். செலவோ முதல் மாதத்திலேயே வாசலில் வந்து நிற்கும். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் 6 மாதக் காலமாவது மீதி இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே புதுப்பிக்கும் கட்டணம் முதலில் வருகிறது. பின்னாலேயே விசா, காப்பீடு, தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி ஊசியின் வழக்கமான மூன்று தவணைகள் முடிய 6 மாதம் ஆகும். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமான நாடு என்றால், அதன் சான்றிதழ் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். விமானச் சீட்டைத் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் விலை ஏறிவிடும். மொத்தத் தொகை கடைசியில் சரியாகவே சேர்ந்தாலும், நடுவில் கையில் பணம் இல்லாமல் பயணம் நின்றுபோக முடியும். பெயர்ப் பட்டியல் எழுதும்போதே கொடுத்தவர்களின் சிறு தொகைகள்தான் அந்த இடைவெளியை அடைத்தன.

இரண்டாவது, மாதந்தோறும் அனுப்ப ஒப்புக்கொண்டு, வங்கியிலேயே தானாகப் போகும்படி எழுதிக்கொடுத்தவர்களுக்கு. பயணம் ஒருமுறைக் காணிக்கையில் நடந்துவிடும். பயிற்சி அப்படியல்ல, தங்குமிடமும் சாப்பாடும் பன்னிரண்டு மாதமும் கேட்கும். முழுத் தொகைக்கும் வாக்கு வரும்வரை பல அமைப்புகள் ஆளைப் புறப்பட விடுவதில்லை. அது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நடுவழியில் பணம் தீர்ந்து, திரும்பி வரச் சீட்டெடுக்கக்கூட வழியில்லாமல் ஒரு பிள்ளை நிற்பதைவிட அது நல்லது.

இந்தக் கணக்கை நாங்கள் போடுவது இப்படி. மாதத் தேவை 100 பங்கு என்றால், ஆளுக்கு 5 பங்கு தருபவர்கள் 10 பேர், 2 பங்கு தருபவர்கள் 15 பேர், ஒரு பங்கு தருபவர்கள் 20 பேர். ஆக 45 பேர். கேட்ட எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை என்பதால் கேட்கப்போகிறவர்களின் பட்டியலில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெயர் இருக்க வேண்டும். வாக்கு 100 பங்கில் நின்றால் போதாது, 110 வரை போக வேண்டும். வேலை மாறும், வீட்டில் நோய் வரும், சிலருடைய மாதம் தவறும். கொரிந்து சபை எருசலேமின் ஏழைகளுக்காக ஒரு வருஷம் முன்பே மனம் ஒப்பியிருந்தும், அதை முடிக்கச் சொல்லி அப்போஸ்தலன் பவுல் தம் உடன் ஊழியனான தீத்துவை அனுப்ப வேண்டியிருந்தது. எழுதிக்கொடுத்த தேதியில் தவறாமல் அனுப்பியவர்களே, நினைவூட்டி எழுதும் சங்கடம் எங்களுக்கு வரவே இல்லை.

பணம் அனுப்பும்போது குறிப்பில் பெயரையும் நோக்கத்தையும் எழுதியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. சின்ன விஷயம்தான். ஆனால் பெயரில்லாமல் கணக்கில் வந்து விழும் தொகைக்கு இரசீது போட முடியாது, யாருடைய பயிற்சிக்கு என்று தெரியாது, கொடுத்தவரோ ‘கிடைத்ததா இல்லையா’ என்று மனம் சோர்ந்திருப்பார். தனித்தனியாக அனுப்பாமல், வீட்டுக்கூட்டத்தில் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பியவர்கள், வெளிநாட்டுக்கு ஒவ்வொரு முறையும் பிடிக்கும் கட்டணத்தை மிச்சப்படுத்தினார்கள். பெயர்வாரிப் பட்டியலையும் கூடவே கொடுத்தார்கள், அதுதான் முக்கியம்.

‘எதற்குத் தேவையோ அதற்கு’ என்று எழுதியவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். விமானச் சீட்டுக்கு என்று வருகிற காணிக்கையை விசாவுக்கு எடுக்கக் கூடாது; எடுத்தால் அது நம்பிக்கைத் துரோகம். அதனால் சீட்டுக்கான பையில் மிஞ்சிக் கிடக்கும், மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. புத்தகம், பிள்ளைகளுக்கான பரிசுப் பொருள் போன்றவற்றுக்குத் தருகிறவர்கள் எப்போதும் உண்டு. வங்கிக் கட்டணம், நாணய மாற்றில் போகும் நஷ்டம், அனுப்பும் அமைப்பு நிர்வாகத்துக்குப் பிடித்துக்கொள்ளும் பங்கு, திரும்பி வந்த முதல் சில வாரச் செலவு — இவற்றுக்கென்று கேட்டு யாரும் தருவதில்லை. செலவுப் பட்டியலில் இவற்றை எழுதாமல் விடுவதுதான் பலருடைய திட்டம் கவிழும் இடம். கண்ணுக்குத் தெரியாத இந்தச் செலவுகளைச் சுமந்தது உங்கள் நிபந்தனையற்ற காணிக்கை.

கேள்வி கேட்டவர்களுக்கும் நன்றி. ‘ஆளை அனுப்புவதற்குப் பதில் அந்தப் பணத்தையே அங்கே அனுப்பினால் என்ன?’ என்பது நியாயமான கேள்வி. வரவேற்கிற சபை தானே கேட்டு அழைத்திருக்கிறதா, நம்மவர் செய்யப்போவது அங்குள்ளவர்களால் முடியாத வேலைதானா என்று எழுத்தில் விளக்கம் பெற அது தூண்டியது. விருந்தோம்புகிறவர்கள் செலவைக் கூச்சத்தால் சொல்லமாட்டார்கள் என்பதால், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து ஆகியவற்றையும் வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்தோம். பயணம் ரத்தானால் பணம் எங்கே போகும் என்று ஒருவர் கேட்ட பிறகே, அந்தப் பதில் வேண்டுகோள் கடிதத்தில் ஏறியது. முதல் கடிதத்திலேயே இருந்திருக்க வேண்டியது அது.

‘இப்போது முடியாது’ என்று தெளிவாகச் சொன்னவர்களே, உங்களுக்கு யாரும் நன்றி எழுதுவதில்லை. கடிதம் அனுப்பி, பத்து நாளுக்குள் போனில் கூப்பிட்டு, பிறகு நேரில் போய் உட்கார்ந்து, ‘மாதம் இவ்வளவு முடியுமா?’ என்று குறிப்பான தொகை கேட்பதே வழக்கம். வெறும் கடிதத்துக்குப் பதில் குறைவு, ‘உங்களால் ஆனது’ என்றால் கொடுப்பவருக்குக் குழப்பம். கேட்கிற பிள்ளைக்கு இதில் மிகவும் பாரமாக இருப்பது மறுப்பல்ல, வாரக்கணக்கில் நீளும் மௌனம். அன்றே இல்லை என்று சொல்லி, ஜெபிப்பதாக மட்டும் பதில் அட்டையில் குறித்து, அப்படியே ஜெபித்தும் வருகிறீர்கள்.

கடைசியாக, பொருளாளருக்கும், கூட இருந்து எண்ணியவருக்கும். 1792 அக்டோபர் 2 அன்று இங்கிலாந்தின் கெட்டரிங்கில் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் தொடங்கியபோது எழுதப்பட்ட வாக்கு 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ்தான். அடுத்த ஆண்டே வில்லியம் கேரி இந்தியா வந்தார். செயலாளர் ஆண்ட்ரூ ஃபுல்லர் 1815இல் இறக்கும்வரை அந்தச் சங்கத்துக்காக அலைந்து பணம் சேர்த்தார். கேரியை உலகம் அறியும். ஃபுல்லரைச் சிலரே அறிவர். ஒவ்வொரு காணிக்கைக்கும் தேதி, பெயர், தொகை, நோக்கம், இரசீது எண் என்று பதிந்து, இரண்டு பேராய் எண்ணிக் கையெழுத்திட்டு, 48 மணி நேரத்துக்குள் இரசீது அனுப்பினீர்கள். காணிக்கையை எடுத்துச்செல்லப் பவுல் தனியே போகாமல் சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், ஒருவரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்பதே.

பயணக் குழு திரும்பி ஒரு மாதத்துக்குள் செலவுக் கணக்கு முழுவதும் சபையில் வாசிக்கப்படும். பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் மாதம் ஒரு பக்க ஜெபக்குறிப்பு எழுதுவார்கள். மிஞ்சும் தொகை, வேண்டுகோள் கடிதத்தில் சொன்னபடி அடுத்த ஆண்டுப் பயிற்சிக்குப் போகும். இரசீது இன்னும் வராதவர்கள், அனுப்பிய தேதியையும் தொகையையும் பொருளாளரிடம் தெரிவியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
பயண ஆயத்தக் குழுவினர்