ஹேண்டில்பாரைத் திருப்பும்போது எனக்குப் போன் போடு

அன்புள்ள செல்லத்துக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்று இரவு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பைக்கின் பழைய மீட்டரைக் கழற்றிவிட்டாய். புது டிஜிட்டல் மீட்டர் இன்னும் டப்பாவுக்குள், பக்கத்தில் உயரமான ஹேண்டில்பார். அப்பா திட்டுவார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். திட்ட மாட்டேன், செல்லம். என் முதல் வண்டி வந்த மூன்றாம் மாதமே நானும் ஸ்பேனரோடு உட்கார்ந்தவன்தான்.

அப்போது நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதில்லை. உயரமான ஹேண்டில்பாரைப் போட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டர் கேபிள் பழையதே போதும் என்று விட்டுவிட்டேன். நேராக ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு சந்தில் பாரை முழுக்க ஒடித்துத் திரும்பினேன். கேபிள் இழுபட்டு ஆக்ஸிலேட்டர் தானாக ஏறிவிட்டது. பிடியை விட்டும் இன்ஜின் அடங்கவில்லை. சுவரில் மோதித்தான் நின்றேன். என் இடது முட்டித் தழும்பு அதுதான்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எல்லாம் பூட்டி முடித்ததும், வண்டியை ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய். பாரை இடது கடைசிவரை திருப்பு, பிறகு வலது கடைசிவரை. ஐடில் சத்தம், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடுகிற சத்தம், இம்மியும் ஏறக் கூடாது. ஏறினால் நீளமான கேபிள் வாங்காமல் தெருவுக்கு எடுக்காதே. இரண்டு ஓரத்திலும் கிளட்ச் லீவரில் கொஞ்சம் லூஸ் இருக்க வேண்டும், பிரேக் ஆயில் போகிற குழாய் (ஹோஸ்) விறைத்து நிற்கக் கூடாது. பாருக்கும் டேங்குக்கும் நடுவில் உன் கட்டைவிரல் மாட்டுகிறதா என்றும் பார்.

ஹேண்டில்பாரின் தடிமன் 22 மி.மீ. தானே? நடுவில் 28.6 மி.மீ. தடிப்பாக வருகிற வகை, பாரைப் பிடித்து நிறுத்தும் உன் கிளாம்பில் உட்காராது. ஸ்விட்ச் பெட்டிக்குள் சின்ன முளை ஒன்று இருக்கும், பாரில் அதற்கு ஒரு துளை வேண்டும். துளை போடச் சோம்பிப் பலர் அந்த முளையையே வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஹாரனை அழுத்தும்போதெல்லாம் பெட்டியே சுற்றும். நீ டேப் ஒட்டி, இடம் குறித்து, துளை போடு. பிரேக் ஆயில் டப்பாவைத் தலைகீழாகத் தொங்கவிடாதே, லைனுக்குள் காற்று புகுந்துவிடும். அந்த ஆயில் பெயின்ட்டையும் தின்னும். டேங்க் மேல் துணி போட்டுக்கொள்.

மீட்டரில் வீல் சுற்றளவு கேட்கும். 80/100-17 டயருக்குக் கணக்குப்படி சுமார் 1,860 மி.மீ. ஆனால் நீ ஏறினால் டயர் கொஞ்சம் அமுங்கும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, நீ உட்கார்ந்திருக்க, யாரையாவது ஒரு முழுச் சுற்று தள்ளச் சொல்லித் தரையில் அள. அந்த எண்ணைக் கொடுத்தால்தான் வேகம் சரியாகக் காட்டும். ஐடிலில் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 1,400 வர வேண்டிய இடத்தில் 2,800 அல்லது 700 வந்தால் பயப்படாதே, இன்ஜின் ஒரு சுற்றுக்கு எத்தனை மின் துடிப்பு என்று மீட்டரில் வைக்கும் பல்ஸ் செட்டிங்தான் மாறியிருக்கும். மீட்டரின் மெயின் ஒயரை சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் இடத்தில் கொடு. நேராக பேட்டரியில் கொடுத்தால் நிறுத்தி வைத்திருக்கும்போதும் பேட்டரியை உறிஞ்சலாம். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாதே, சால்டர் வைத்து, சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடு. பழைய மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டரைக் குறித்துக்கொள். மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதே.

சரி, ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுவாய் என்று நினைக்கிறேன். பாரைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் எனக்குப் போன் போட்டு, போனை டேங்க் மேல் வை. பேச வேண்டாம். இடது பக்கம், வலது பக்கம், அந்த ஐடில் சத்தத்தை நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா