சூரியன் மேல் பழி போடும் முன்: தமிழில் அறிவியல் வீடியோ போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

நான் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 28 வருடம் இயற்பியல் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். உங்கள் வீடியோக்களை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். கருந்துளை, குவாண்டம், ராக்கெட் என்று நீங்கள் தமிழில் சொல்லிக் கொடுக்கிற அழகைப் பார்க்கும்போது, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி ஒரு வசதி என் பிள்ளைகளுக்கு இல்லையே என்று பல தடவை ஏங்கியிருக்கிறேன். அதனால் இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக உங்களில் சிலர் போடும் வீடியோக்களில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. பூமி சூடாவதற்குக் காரணம் சூரியன்தான், மனிதன் இல்லை. இன்னொரு பக்கம், 2030க்குள் குட்டிப் பனியுகம் வரப்போகிறது, உலகமே உறையப்போகிறது. இரண்டையும் ஒரே சேனலில் ஆறு மாத இடைவெளியில் பார்த்தேன். என் பழைய மாணவன் ஒருவன், அவனுடைய மகளே இப்போது பத்தாவது படிக்கிறாள், அதில் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பி, "சார், அப்போ நீங்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது தப்பா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டான். அவனுக்கு அனுப்ப ஆரம்பித்த பதில்தான் நீண்டு, உங்களுக்கு எழுதும் மடலாகிவிட்டது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கேள்வி நல்ல கேள்வி. பூமிக்குக் கிடைக்கிற சூட்டில் கிட்டத்தட்ட எல்லாமே சூரியனிடமிருந்துதான் வருகிறது, அப்படியிருக்க சூரியன் கொஞ்சம் கூடிக் குறைந்தால் இங்கே தட்பவெப்பம் மாறாதா என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். மாறும். எவ்வளவு மாறும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அந்த அளவைத்தான் உங்கள் வீடியோக்களில் காணோம்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம், ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான். சூரியனுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில், காற்று மண்டலத்துக்கு மேலே, சுமார் 1361 வாட் விழுகிறது. சூரியன் மேல் தெரிகிற கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒரு தடவை கூடிக் குறைகின்றன, அந்தச் சுழற்சியில் புள்ளிகள் நிறைந்த காலத்துக்கும் புள்ளிகளே இல்லாத காலத்துக்கும் இடையில் இந்த எண் மாறுவது ஏறக்குறைய 1 வாட், அதாவது 0.1 சதவீதத்துக்குள். பூமி உருண்டை என்பதால் அதை நான்கால் வகுக்க வேண்டும், அதிலும் 30 சதவீதம் மேகத்திலும் பனியிலும் பட்டுத் திரும்பிப் போய்விடும். மிச்சம் நிற்பது சதுர மீட்டருக்கு 0.2 வாட்டுக்கும் குறைவு. அதுவும் ஐந்தாறு வருடம் ஏறி, ஐந்தாறு வருடம் இறங்கிவிடுகிற ஒன்று. இதனால் பூமியின் சராசரி வெப்பநிலையில் வருகிற ஏற்ற இறக்கம் 0.1 டிகிரி அளவில்தான் இருக்கிறது. மறுபக்கம், தொழிற்புரட்சிக்கு முன்னால் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது, அது மட்டுமே சதுர மீட்டருக்கு 2 வாட்டுக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஏறி இறங்குகிற சமாச்சாரமும் இல்லை இது, ஏறிக்கொண்டே போகிறது. இந்த இரண்டு எண்களையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் காட்டியிருந்தால் போதும், என் மாணவன் என்னிடம் கேட்க வேண்டியிருந்திருக்காது.

1978லிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனின் ஒளியை நேரடியாக அளக்கின்றன. இத்தனை வருடத்தில் அது கூடிக்கொண்டே போகவில்லை, சொல்லப்போனால் லேசாகக் குறைந்திருக்கிறது. இதே காலத்தில் பூமி பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 0.2 டிகிரி வீதம் சூடாகிக்கொண்டே வந்திருக்கிறது.

எண்ணைச் சொன்னால் மனதில் நிற்காது, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஒரு மூன்று அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. அதில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது, பார்வை போய்விடும். கண் வைக்கிற பக்கத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் சூரியன் ஒரு வட்டமாக அட்டையில் விழும். பென்சிலால் வட்டத்தை வரைந்து, புள்ளி இருக்கிற இடத்தில் புள்ளி வைத்து, தேதி போட்டு வைப்போம். நாளுக்கு நாள் அந்தப் புள்ளிகள் நகரும், இரண்டு வாரத்துக்குள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும். சூரியன் சுற்றுகிறது என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கிற அந்த நிமிடத்துக்காகவே நான் வாத்தியாராக இருந்தேன் என்று சொல்வேன். 2019ல் அந்த விளையாட்டு எடுபடவில்லை. வாரக்கணக்கில் வெறும் வட்டம். பிள்ளைகள் அட்டையைத் தட்டிப் பார்த்தார்கள், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அந்த வருடம் 270 நாளுக்கு மேல் சூரியனில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை, டிசம்பரில் சுழற்சி அடிமட்டத்துக்கே போனது. அடுத்து வந்த 2020 எப்படி இருந்தது? அதுவரை பதிவான வருடங்களிலேயே அதிகச் சூடான 2016க்கு இணையாகப் போய் நின்றது. 2016க்காவது, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ துணை இருந்தது, 2020க்கு அதுவும் இல்லை. சூரியன்தான் காரணம் என்றால் அந்த வருடம் எந்தச் சூரியன் சுட்டது என்று தயவுசெய்து உங்கள் அடுத்த வீடியோவில் சொல்லுங்கள்.

2024ஐக் காட்டித்தான் உங்களில் ஒருவர் பேசினார். அந்த மே மாதம் பெரிய சூரியப் புயல் அடித்து லடாக்கின் ஹான்லே வரைக்கும் வானம் சிவந்தது, அக்டோபரில் சுழற்சி உச்சத்தில் இருந்தது, அதே வருடம் உலகம் சூட்டில் புதிய உச்சம் தொட்டது, ஆக இரண்டுக்கும் முடிச்சு. பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த மே மாதத்துப் புள்ளிக் கூட்டத்தை நானும் பார்த்தேன், கிரகணக் கண்ணாடியிலேயே தெரிந்தது, பூமியைப் போலப் பதினைந்தை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு அகலம். ஆனால் சூரியப் புயல் என்பது மின்னேறிய துகள்களும் காந்தப்புலமும் சேர்ந்த வீச்சு, அது செயற்கைக்கோளையும் மின் கம்பிகளையும் தொந்தரவு செய்யும், நம் மொட்டை மாடியைச் சூடாக்காது. 2024ன் சூட்டில் சுழற்சி உச்சத்தின் பங்கு சிறியது. 2023 நடுவில் தொடங்கிய எல் நினோ அதைவிடப் பெரிய பங்கு, அந்த இரண்டுக்கும் அடியில் ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்த வாயு.

மொட்டை மாடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் சித்திரை வைகாசியில் மாடியில் தண்ணீர் தெளித்துப் படுத்தால் பத்து மணிக்கு மேல் போர்வை தேடுவோம். இப்போது ராத்திரி இரண்டு மணிக்குத் தரையில் கை வைத்தாலும் கதகதவென்று இருக்கிறது. இதில் கான்கிரீட்டின் பங்கும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஊர், நகரம் என்று இல்லாமல், கடந்த நூற்றாண்டில் உலகம் முழுக்கப் பகலைவிட இரவு வேகமாகச் சூடானது. சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் பகல்தானே முதலில் சூடாக வேண்டும்? இன்னும் பலமான சாட்சி மேலே இருக்கிறது. ஸ்ட்ராட்டோஸ்பியர், பாடப்புத்தகத்தில் அடுக்கு மண்டலம், அது குளிர்ந்துகொண்டே வருகிறது. சூரியன் கூடினால் மேலும் கீழும் சேர்ந்து சூடாகும். கரியமில வாயு கூடினால் கீழே சூடாகும், மேலே குளிரும். நடப்பது இரண்டாவது. இதைத் தமிழில் ஒரு நல்ல அனிமேஷனோடு சொல்ல உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

பனியுகக் கதைக்கு வருகிறேன். 2015ல் ஒரு ஆய்வு, 2030களில் சூரியனின் செயல்பாடு 60 சதவீதம் குறையும் என்றது. செயல்பாடு என்றால் புள்ளிகளும் காந்த ஆட்டமும். அதைச் சில செய்திகள் சூடே 60 சதவீதம் குறைவது மாதிரி ஆக்கிவிட்டன, அது கை மாறிக் கை மாறி உங்கள் தம்ப்நெயில் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1645 முதல் 1715 வரை சூரியனில் புள்ளிகள் மிக அரிதாக இருந்தது உண்மை, ஐரோப்பாவில் குளிர் கடுமையாக இருந்ததும் உண்மை. ஆனால் அந்தக் குளிர்காலம் அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது, பெரிய எரிமலை வெடிப்புகளுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. லண்டனில் தேம்ஸ் நதி உறைந்த ஓவியத்தை எல்லோரும் காட்டுகிறீர்கள். பழைய லண்டன் பாலத்தின் நெருக்கமான தூண்கள் தண்ணீரைத் தேக்கியதால் உறைவது சுலபமாக இருந்தது, 1831ல் அந்தப் பாலத்தை இடித்த பிறகு அங்கே அப்படி உறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சரி, அப்படி ஒரு நீண்ட புள்ளியற்ற காலம் மறுபடி வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்த நூற்றாண்டு முடிவில் அது குறைத்துக் கொடுப்பது அதிகம் போனால் 0.3 டிகிரி. இதுவரை ஏறியதிலேயே கால்வாசிதான் அது. சூரியனை முன்கூட்டிச் சொல்வது அவ்வளவு சுலபமும் இல்லை. இப்போதைய 25வது சுழற்சியின் உச்சத்தில் சூரியப் புள்ளி எண் 115 என்று வல்லுநர் குழு கணித்தது, வந்தது 160.

உண்மையான பனியுகங்கள் வேறு கணக்கு. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் வருடக் கணக்கில் மெதுவாக மாறுவதால் வந்தவை அவை.

இதெல்லாம் சொல்வதால் சூரியனை ஆராய வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புள்ளிகள் கருப்பு, ஆனால் புள்ளி அதிகமானால் சூரியன் மொத்தத்தில் கூடுதல் வெளிச்சமாகிறது. புள்ளிகளைச் சுற்றி உள்ள பிரகாசமான திட்டுகள் இருட்டை மிஞ்சிவிடுவதுதான் காரணம். மொத்த ஒளி 0.1 சதவீதம் மாறும்போது புற ஊதாக் கதிர்களின் சில பகுதிகள் பல சதவீதம் மாறுகின்றன, அது மேலே ஓசோனைத் தொடுகிறது, அங்கிருந்து காற்றோட்டம் வழியாக வட ஐரோப்பாவின் குளிர்காலம் வரை ஒரு மெல்லிய பாதிப்பு இறங்கி வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய நம் ஆதித்யா எல்1 விண்கலத்தில் ஒரு கருவி அந்தப் புற ஊதாவைத்தான் படம் எடுக்கிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். இவ்வளவு இருக்கும்போது பனியுகப் பயம் எதற்கு?

கடைசியாக, என் மனதில் அதிகம் கனக்கிற ஒன்று. சூரியன் மேல் பழி போடுவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொன்னதை உங்களில் சிலராவது கேட்டிருப்பீர்கள். 1876ல் தொடங்கி சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் சூறையாடி, ஐம்பது லட்சத்துக்கு மேல் உயிரைக் குடித்த பஞ்சம். 1877ல், சனம் செத்துக்கொண்டிருக்கும்போதே, வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி சென்னையின் 1813 முதலான மழைக் கணக்கை எடுத்து, சூரியப் புள்ளிகள் குறைகிற வருடங்களில் மழை குறைகிறது, பஞ்சமும் 11 வருடச் சுழற்சியில் வருகிறது என்று எழுதினார். அவர் நேர்மையாகவே அதை நம்பியிருக்கலாம். ஆனால் அதே மாதங்களில் தானியம் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியை வெட்டினார். வானத்தில் காரணம் கிடைத்தால் கிடங்கைப் பற்றிக் கேட்கத் தோன்றுமா? பின்னால் கில்பர்ட் வாக்கர் இந்திய வானிலைத் துறைக்கு வந்து எண்களை வைத்துச் சோதித்தபோது சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் உள்ள உறவு நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. அவர் தேடலில் கிடைத்ததுதான் பசிபிக் கடலின் காற்றழுத்த ஊசலாட்டம், இன்று நாம் எல் நினோவோடு சேர்த்துப் பேசுவது. 1877ன் வறட்சிக்குப் பின்னால் மிகக் கடுமையான எல் நினோ இருந்தது என்று இப்போது தெரியும். அதுகூட மழை ஏன் பொய்த்தது என்றுதான் சொல்லும், அரிசி இருந்தும் ஆள் ஏன் செத்தான் என்று சொல்லாது.

அந்தப் பஞ்சங்களின் நிழலில்தான், மழையைப் புரிந்துகொள்ளச் சூரியனைப் பார்க்க வேண்டும் என்று 1893ல் லண்டனில் இயற்பியலாளர் கெல்வின் தலைமையிலான குழு முடிவு செய்து, 1899ல் கொடைக்கானல் வானாய்வகம் எழுந்தது. 1904லிருந்து, மேகம் மறைக்காத நாளெல்லாம், அங்கே சூரியனைப் படம் எடுத்திருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சாண் அகலச் சூரியன். 1907லிருந்து கால்சியம் ஒளியில் எடுத்த படங்களும் உண்டு, நான் மேலே சொன்ன பிரகாசத் திட்டுகள் அதில்தான் தெளிவாகத் தெரியும். நூறு வருடத்துக்கு முன் சூரியன் எவ்வளவு பிரகாசித்தது என்று கணக்குப் போடுகிறவர்கள் உலகெங்கும் இந்தத் தகடுகளையும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்கும் சொல்வது இதையே: இன்றைய சூட்டுக்குச் சூரியன் போதாது.

ஆகவே கேட்கிறேன். அந்தப் பழைய வீடியோக்களை நீக்கச் சொல்லவில்லை, மேலே ஒரு திருத்தம் போடுங்கள், முதல் கமெண்டாகப் பின் செய்து வையுங்கள். அப்புறம் ஒரு தடவை கொடைக்கானல் ஏறுங்கள். போகிற வழியில் வத்தலக்குண்டில் இறங்கினால் என்னிடம் 2019ன் வெற்று வட்டங்களும் 2024 மே மாதத்துப் புள்ளி நிறைந்த அட்டைகளும் பிள்ளைகள் பென்சிலால் எழுதிய தேதியோடு இருக்கின்றன, படம் எடுத்துக்கொள்ளலாம். தொலைநோக்கியும் வேலை செய்கிறது. காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் மலைப்பக்கம் மேகம் ஏறிவிடும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியர்