டிஸ்னிலேண்ட்: பணம் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்கா பற்றிய தங்கள் கட்டுரையில் இரண்டு திருத்தங்கள். முதலாவது, 1955 ஜூலை 17 நீங்கள் எழுதியதுபோல் பொதுமக்களுக்கான திறப்பு நாள் அல்ல. அன்று அழைக்கப்பட்டவர்களுக்கான முன்னோட்டமும் நேரடி டிவி ஒளிபரப்பும்தான் நடந்தன. காசு கொடுத்து ஜனங்கள் உள்ளே போனது மறுநாள், 18ஆம் தேதி. இரண்டாவது, வால்ட் டிஸ்னி சொந்தப் பணத்தில் பூங்காவைக் கட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். ஆயுள் காப்பீட்டின் மேல்கூடக் கடன் வாங்கினார், உண்மைதான். ஆனால் செலவு சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். அது தனிமனிதரால் முடிகிற தொகையா?

வழி திறந்தது டிவியால். 1953 செப்டம்பரில் ஒரு வாரக் கடைசியில் ஓவியர் ஹெர்ப் ரைமன் வரைந்த, பூங்காவின் பறவைப் பார்வைப் படத்தை எடுத்துக்கொண்டு, வால்ட்டின் அண்ணன் ராய் டிஸ்னி நியூயார்க்கில் நிதி தேடினார். கடைசியில் ஏபிசி தொலைக்காட்சி 5 லட்சம் டாலர் முதலீடு செய்து, 45 லட்சம் டாலர் கடனுக்கு ஜாமீனும் நின்றது. பதிலுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பங்குரிமையும், வாராவாரம் ஒரு டிஸ்னி நிகழ்ச்சியும் பெற்றது. 1954 அக்டோபரில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியின் பெயரே 'டிஸ்னிலேண்ட்'தான். பூங்கா திறக்கும் முன்பே வீட்டுக்கு வீடு விளம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பூங்காவுக்கான இடம் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு. இடத்தைத் தேர்ந்து சொன்னது ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனம். சாண்டா ஆனா நெடுஞ்சாலை வரவிருந்தது முக்கியக் காரணம். 1954 ஜூலையில் வேலை ஆரம்பம். கையில் இருந்ததோ ஒரே வருடம். படகு ஓட வேண்டிய செயற்கை ஆற்றில் முதன்முறை தண்ணீர் விட்டபோது, மணற்பாங்கான அந்த மண் அத்தனையையும் குடித்துவிட்டது. பிறகு அடியில் களிமண் பரப்பித்தான் தண்ணீரை நிறுத்தினார்கள்.

அவசரத்தின் விலை அந்த ஜூலை 17 முன்னோட்டத்தில் தெரிந்தது. வெயில் 38 டிகிரி செல்சியஸ். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் கழிப்பறையா, குடிநீர்க் குழாயா, ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை. வால்ட் கழிப்பறையைத் தேர்ந்தார் (சரியான முடிவு, வேறென்ன செய்வது!). சோடா விற்பதற்காகவே குழாயை அடைத்தார்கள் என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். போலி அழைப்புச் சீட்டுகளால் கூட்டம் 28,000 தாண்டியது. மார்க் ட்வைன் படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியதால் தளத்தின் மேல் தண்ணீர் வந்தது. வாயுக் கசிவால் பூங்காவின் ஒரு பகுதியான ஃபேன்டஸிலேண்டைக் கொஞ்ச நேரம் மூட வேண்டியிருந்தது.

அப்படியும் இரண்டே மாதத்துக்குள் பத்து லட்சம் பேர் வந்துவிட்டார்கள். 1960இல் ஏபிசியின் பங்கை டிஸ்னி நிறுவனம் 75 லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. 5 லட்சம் போட்ட ஏபிசிக்கு இது நஷ்டமில்லை. பங்கைக் கைவிட்டது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி.

இப்படிக்கு,
வாசகர்