அப்பா வாங்கிய செயின் சா

பிராம்ப்டன், ஒன்டாரியோ, கனடா
16.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பட்டுக்கோட்டையில் யாரோ விற்ற பழைய செயின் சா ஒன்றை நீங்கள் வாங்கி வந்திருப்பதாகவும், கஜா புயலுக்குத் தப்பிப் பிழைத்துப் பிறகு கூன் வண்டு விழுந்து பட்டுப்போன ஏழெட்டுத் தென்னைகளை நீங்களே அறுத்துவிடப் போவதாகவும் அம்மா போனில் சொன்னார்கள். அன்று நான் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டேன். கோபம் உங்கள் மேல் இல்லை. அந்த மெஷினை இரண்டரை வருடமாகத் தினமும் கையில் பிடிக்கிறவன் என்பதால் வந்த பயம் அது. போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும் என்பதால், நீங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் இதை எழுதுகிறேன்.

கஜா அடித்து இன்றோடு ஏழு வருடம் ஆகிறது. 2018 நவம்பர் 16 விடிந்தபோது கொல்லை முழுவதும் மரங்கள் ஒரே திசையில் படுத்துக் கிடந்ததும், பத்து நாள் கழித்து வெளியூரிலிருந்து மெஷினோடு ஆட்கள் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் ஒருவர் ரப்பர் செருப்போடு மரத்தின் மேலேயே நின்றுகொண்டு, ஒரு கையால் மெஷினைப் பிடித்து, மறு கையால் மட்டையை ஒதுக்கி ஒதுக்கி அறுத்தார். எவ்வளவு லாவகம் என்று நாம் இருவரும் வியந்து பார்த்தோம். இப்போது அதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இங்கே அப்படி ஒரு நிமிடம் நின்றால் மறு நிமிடம் வேலை போய்விடும்.

என் வேலை என்னவென்று நீங்கள் சொந்தக்காரர்களிடம் ‘தோட்ட வேலை’ என்று சொல்லி வருகிறீர்கள், அது சரிதான். அலுவலக வளாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றின் புல், மரம், பனி மூன்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு நிறுவனம் எங்களுடையது. ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை புல் வெட்டுவோம், இலையுதிர் காலத்தில் இலை ஊதுவோம், பனிக்காலத்தில் பனி தள்ளுவோம், மரம் அறுப்பது வருடம் முழுவதும் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் மூன்று வாரம் என்னை செயின் சாவை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. போர்ச்சுகலில் பிறந்து நாற்பது வருடத்துக்கு முன் இங்கே வந்த எங்கள் மேஸ்திரி, என் கையில் ஓர் உருண்டை அரத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்.

நீங்கள் பாளை அரிவாளைச் சாணைக்கல்லில் தீட்டி, கட்டைவிரல் நுனியால் பதம் பார்ப்பீர்களே, அதே போலத்தான் அவர் பதம் பார்ப்பதும். ஆனால் அவர் வாளைத் தொடுவதில்லை, கீழே விழுந்த தூளைத்தான் எடுக்கிறார். நான் அறுத்த இடத்தில் குனிந்து ஒரு பிடி அள்ளி விரலுக்கு நடுவே தேய்ப்பார். துருவிய தேங்காய் போலச் சீவல் சீவலாக இருந்தால் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். மாவு போலப் பொடியாக இருந்தால், மெஷினை வாங்கி அணைத்து, அரத்தை நீட்டுவார். மழுங்கிய செயின் மரத்தை அறுக்காது, தேய்க்கும். நாம் அதை அழுத்துவோம். அழுத்துகிற கை களைத்துப்போகும். களைத்த கையில்தான் மெஷின் துள்ளும். பழைய மெஷின் வாங்கியவுடன் பெட்ரோல் ஊற்றி இழுத்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். நீங்கள் முதலில் செயினைப் பாருங்கள்.

செயினில் ஒரு பல் இடப்பக்கம் பார்த்தும் அடுத்த பல் வலப்பக்கம் பார்த்தும் மாறி மாறி இருக்கும். ஒரு பல்லில் மையால் அடையாளம் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துப் பற்களை எல்லாம் முடித்த பிறகே மறுபக்கம் திரும்ப வேண்டும். அரத்தை உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் மட்டும் தள்ளுங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பல்லின் மேல்தட்டில் பெரும்பாலும் 30 டிகிரி சாய்வுக்கு ஒரு கோடு கிழித்திருக்கும், அரம் அந்தக் கோட்டோடு போக வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று தள்ளு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றுதான். ஒரு பக்கத்துப் பல் மட்டும் நீளமாகிவிட்டால் அறுப்பு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். என் முதல் மாதத்து அறுப்பெல்லாம் அப்படித்தான் வாழைப்பழம் போல வளைந்திருந்தது. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை முடிவு செய்வது அந்த மேடுதான். அது பல்லைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். சீக்கிரம் அறுக்கட்டும் என்று அதை நிறைய ராவிவிட்டால் செயின் மரத்தை வெடுக்கென்று கடித்து இழுக்கும். தென்னையின் வெளிப்பக்கம் எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். இங்குள்ள மரங்களை அறுக்கும்போது மெஷினில் பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு முறை தீட்டுகிறோம் என்றால், நீங்கள் அதைவிட அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும்.

இந்தப் பல்லின் கதை உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946-இல் ஒரு மரத்துண்டுக்குள் வண்டின் புழு தன் இரண்டு தாடையாலும் இடமும் வலமுமாகச் சுரண்டி, மரத்தின் ஓட்டத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் துளைத்துப் போவதைப் பார்த்து, அந்தத் தாடையைப் போலவே இரும்பில் பல் செய்தார். அடுத்த வருடம் அது விற்பனைக்கு வந்தது. நம் தென்னையைத் தின்றதும் ஒரு புழுதான். அதன் இனத்தைப் பார்த்துச் செய்த வாளால் அந்த மரத்தையே அறுக்கப்போகிறோம்.

பெட்ரோல் விஷயத்தில் உங்கள் பழைய டிவிஎஸ் 50-ஐ நினைத்துக்கொண்டாலே போதும். இதுவும் டூ ஸ்ட்ரோக்தான். ஆயில் கலக்காமல் ஊற்றினால் சில நிமிடத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நாங்கள் 50-க்கு 1 என்ற கணக்கில், 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில் கலக்கிறோம். உங்கள் மெஷினின் மூடியிலோ உறையிலோ வேறு கணக்கு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பெட்ரோல் பங்கில் குத்துமதிப்பாக ஊற்றித் தருவதை நம்பாமல், அளந்து கலக்கவும். இன்னொன்றும் உண்டு. நம் ஊர் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் சேர்க்கிறார்கள். எங்கள் மெஷின்களின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகட்டையும் குழாயையும் விறைக்கச் செய்யும். அதனால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். போன தீபாவளிக்குக் கலந்து வைத்ததை இந்தப் பொங்கலுக்கு ஊற்றினால் அது ஸ்டார்ட் ஆகாது, நீங்கள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

செயினுக்கு லாரி பட்டறையில் கிடைக்கும் கழிவு ஆயிலை ஊற்றினால் போதும் என்று விற்றவர் சொன்னாராமே, அதைக் கேட்காதீர்கள். அதில் இரும்புத் துகள் கலந்திருக்கும். ஆயில் பம்பை அடைத்துவிடும். செயின் சுற்றும் வேகத்தில் அது தூறலாக உங்கள் முகத்திலும் சட்டையிலும் வந்து படியும். ஆயில் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. காய்ந்த மட்டை ஒன்றைத் தரையில் போட்டு, அதற்கு ஒரு சாண் மேலே பாரின் (செயின் சுற்றி ஓடும் நீண்ட இரும்புத் தகடு) நுனியைக் காட்டி மெஷினை முடுக்குங்கள். மட்டையில் கோடு போட்டது போல ஆயில் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் பாரைக் கழற்றி, அதன் பள்ளத்தில் அடைந்திருக்கும் தூளைச் சுரண்டி எடுங்கள். திரும்ப மாட்டும்போது பாரை மேல்கீழாகப் புரட்டி மாட்டினால் இரண்டு ஓரமும் ஒரே அளவில் தேயும். செயின் கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும், ஆனால் பாரின் அடியில் தொங்கக் கூடாது. சூட்டில் இறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கி எல்லாவற்றையும் இழுக்கும்.

இனி நான் உண்மையில் எழுத வந்த இடம். பாரின் நுனியில், மேல் பாதி எங்கேயும் படக் கூடாது. அந்த இடம் ஒரு கட்டையிலோ மட்டையிலோ பட்டால், நாம் கண்ணிமைக்கும் முன் மொத்த பாரும் நம் முகத்தை நோக்கி எழும்பும். முன்கைப்பிடியை இடது கையின் கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும் என்பதும், அதற்கு முன்னால் இருக்கும் பிரேக் தட்டு வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். பழைய மெஷினில் அந்தத் தட்டு உடைந்திருந்தாலோ, கழற்றி எறிந்திருந்தாலோ, தயவுசெய்து விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; நட்டமானால் பணத்தை நான் அனுப்புகிறேன்.

அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். சென்ற மார்ச்சில் ஒரு கிளையை அறுத்து முடித்து மெஷினை இறக்கும்போது, செயின் முழுவதும் நிற்பதற்குள் என் இடது தொடையில் பட்டுவிட்டது. நாங்கள் அணியும் கால்சட்டைக்குள் நீள நீளமான இழைகளை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். செயின் அந்த இழைகளைப் பிடுங்கிக்கொண்டு, தேங்காய் நார் சுற்றிய கயிற்று ராட்டை போல அப்படியே திணறி நின்றுவிட்டது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. மேஸ்திரி அந்தக் கால்சட்டையைக் குப்பையில் போடச் சொன்னார்; ஒரு முறை வெட்டு வாங்கினால் அது பயன்படாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் நிற்பதை அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே மரகதப் பச்சை நிறத்தில் ஒரு சிறு வண்டு, 2002-இல் விண்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, ஆஷ் மரங்களை எல்லாம் கொன்றுகொண்டு வருகிறது. பட்டுப்போன ஆஷ் மரம் பார்க்க உறுதியாகத்தான் நிற்கும், உள்ளே நொறுங்கியிருக்கும். பச்சை மரத்தை வெட்டும்போது விழும் பக்கம் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டி எடுத்து, பின்பக்கம் அறுத்து, நடுவில் ஒரு பட்டையை விட்டுவைத்தால் அது கதவின் கீல் போல மரத்தைப் பிடித்து மெல்லச் சாய்க்கும். உளுத்த மரத்தில் அந்தக் கீல் பிடிக்காது. அதனால் அவற்றில் யாரும் ஏறுவதில்லை. ஆளை மேலே தூக்கும் வண்டியில் நின்று மேலிருந்து துண்டு துண்டாக இறக்குகிறோம். கூன் வண்டு குடைந்த தென்னையும் அந்த நிலைதான். தட்டிப் பார்த்தால் உங்களுக்கே சத்தத்தில் தெரியும். அவற்றைச் சாய்க்கும் வேலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கத் தெரிந்த ஆட்களிடம் விட்டுவிடுங்கள். தரையில் கிடக்கும் மரத்தைத் துண்டு போடுவதை நீங்கள் செய்யலாம். அதிலும் மரம் எந்தப் பக்கம் விறைத்திருக்கிறது என்று பார்த்து, அழுந்தியிருக்கும் பக்கத்தில் சிறிது அறுத்த பிறகே மறுபக்கம் போங்கள். இல்லாவிட்டால் பார் சிக்கிக்கொள்ளும்.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. புல் வெட்டும் மெஷின்களின் பெட்ரோலை வடித்து, பிளேடைத் தீட்டி, ஓர் ஆணியில் தொங்கவிட்டு எடை சமமாக இருக்கிறதா என்று பார்த்து அடுக்கிவிட்டோம். இனி பனி தள்ளும் மெஷின்தான்.

உங்கள் பாரின் அடியில், மெஷினை ஒட்டிய இடத்தில் சில எண்கள் பொறித்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்துத் தம்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். செயினின் அளவு தெரிந்தால் அரம் 4 மில்லிமீட்டரா, 4.8-ஆ, 5.5-ஆ என்று சொல்லிவிடுவேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும் நண்பர் ஒருவரிடம் அரமும், உங்கள் இடுப்பு அளவுக்கு ஒரு கால்சட்டையும் கொடுத்தனுப்புகிறேன். நம் வெயிலுக்கு அது புழுங்கும். பரவாயில்லை, காலை ஏழு மணிக்குள் அறுத்து முடித்துவிடுங்கள். அது வந்து சேரும்வரை மெஷின் பரணிலேயே இருக்கட்டும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்